ஜூனோவில் பனியாறு காணப் பேருந்தா, ஹெலிகாப்டரா?

அலாஸ்கா கப்பல் சுற்றுலாவில், அம்மாநிலத் தலைநகரான ஜூனோவில் இறங்கும்போது பேருந்தில் போய்ப் பனியாற்றைப் பார்ப்பதா, ஹெலிகாப்டரில் சென்று அதன் மீதே இறங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள்ளும் செல்கிறது என்பதால், அதையும் கணக்கில் கொண்டே ஜூனோவில் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அந்தப் பூங்காவில், கப்பலை விட்டு இறங்காமலேயே, மார்ஜரி பனியாற்றின் முகப்பிலிருந்து பனிப்பாளங்கள் இடியோசையுடன் கடலில் சரிவதை மேல்தளத்திலிருந்து காணும் வாய்ப்புண்டு. எனவே ஜூனோவில் பனியாற்றின் மீதே கால் வைப்பதுதான் புதிய அனுபவமாக இருக்கும்.

கட்டணம் பல மடங்கு அதிகம் என்றாலும், வசதியும் உடல்நலமும் இடங்கொடுத்தால் ஹெலிகாப்டரையே பரிந்துரைப்பேன். பனியின் மேல் இறங்கி, வழுக்காமலிருக்கச் சுற்றுலா நிறுவனத்தினர் தரும் காலணியுடன் நடக்கும்போது, நீலம் பாய்ந்த பிளவுகளையும் அவற்றுக்குள் சலசலத்து ஓடும் உருகுநீரையும் மிக அருகில் பார்க்கலாம். தாழ்ந்த மேகமும் மழையும் ஜூனோவில் வழக்கமானவை. பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பதிவுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால், நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பேருந்தில் செல்வதே நல்லது. பனியாறு வெகுவாகப் பின்வாங்கிவிட்டதால் ஏரிக்கு அப்பால்தான் தெரியும். ஆனால் நகெட் அருவியின் அடிவரை செல்லும் பாதை பெரும்பாலும் சமதளமானது, போய்வர 3 கி.மீ.க்குச் சற்று அதிகம்.