எக்ஸார்க் இறங்கினால் மூன்று பேரும் நிமிர்வார்கள்

கேள்வி: மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில், மாடர்ன் ஃபார்மட்டில் (ஒருவரோடு ஒருவர், 60 கார்டு டெக்) ஸ்ப்ளின்டர் ட்வின் டெக் மட்டுமே ஆடி வந்தவன் நான். 2016 ஜனவரியில் தடை வந்ததும் கார்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். இப்போது நண்பர்கள் நால்வராகக் கமாண்டர் என்ற வகையை ஆடுகிறோம். பழைய டெக்கையே 100 கார்டுக்கு நீட்டிக் கொண்டுபோனேன். ஜெயிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?
(சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீட்டியதால் வந்த வினைதான். எனக்கும் பிடித்த டெக் அது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆடாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மானா என்பது கார்டை இறக்கக் கட்டும் விலை, கிரீச்சர் என்பது தாக்கும் கார்டு. டேப் என்றால் கார்டைப் பயன்படுத்திச் சாய்த்து வைப்பது, அன்டேப் என்றால் மறுபடி நிமிர்த்துவது. டிசீவர் எக்ஸார்க் 3 மானா கிரீச்சர். ஃப்ளாஷ் இருப்பதால் எதிராளியின் டர்னிலேயே இறக்கலாம். இறங்கும்போது உங்கள் கார்டு ஒன்றை அன்டேப் செய்யும். ஸ்ப்ளின்டர் ட்வின் 4 மானா ஆரா, அதாவது இன்னொரு கார்டின் மேல் ஒட்டும் கார்டு. அதை ஒட்டிய கிரீச்சரை டேப் செய்தால் அதே மாதிரி ஒரு டோக்கன் (தற்காலிக நகல்) ஹேஸ்டோடு, அதாவது வந்த உடனே தாக்கும் திறனோடு வரும். அந்த டோக்கன் இறங்கியதும் அசல் எக்ஸார்க்கை அன்டேப் செய்யும். மறுபடி டேப், மறுபடி டோக்கன். வேண்டிய அளவு படை சேர்த்துக்கொண்டு ஒரே தாக்குதலில் முடித்துவிடலாம். 2011இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த முதல் மாடர்ன் புரோ டூரை சாமுவேலே எஸ்ட்ராட்டி ஜெயித்தது இந்த டெக்கால்தான்.

ஆனால் நீங்கள் மாடர்னில் ஜெயித்த ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். எத்தனையில் இந்த எக்ஸார்க்-ட்வின் காம்போ உண்மையாகவே நடந்தது? உங்கள் பக்கம் 3 மானா திறந்திருந்தாலே எதிராளிக்கு வயிற்றைக் கலக்கும். எக்ஸார்க்கைக் கொல்ல மானாவை ஒதுக்கி வைத்துக்கொண்டு அவர் மெதுவாக ஆடுவார். அந்த இடைவெளியில் நீங்கள் ஸ்னாப்காஸ்டர் மேஜும் லைட்னிங் போல்ட்டுமாக அவருடைய 20 உயிரைக் கொறித்துத் தின்பீர்கள். டெக்கில் பாதி காம்போ, பாதி மிரட்டல்.

கமாண்டரில் அந்த மிரட்டல் பாதி செத்துப்போகிறது. ஆளுக்கு 40 உயிர், மூன்று பேருக்கு 120. போல்ட் அடிப்பது 3. ரிமாண்ட் போட்டு ஒருவரை ஒரு டர்ன் தாமதப்படுத்தினால் மற்ற இருவருக்கும் கொண்டாட்டம். எக்ஸார்க்குக்கு 4 டஃப்னஸ் (தாங்கும் சக்தி) இருப்பதால் போல்ட்டில் சாகாது என்று, அதே வேலை செய்யும் பெஸ்டர்மைட்டைவிட அதை உயர்வாக வைத்தோமே, அந்தக் கணக்கும் இங்கே செல்லாது. இந்த மேசையில் வருவது ஸ்வோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ் மாதிரியான கார்டுகள், அவை டஃப்னஸைப் பார்ப்பதில்லை. ஆகவே போல்ட், ரிமாண்ட் போன்றவற்றைக் கூச்சப்படாமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 60 கார்டு டெக்கில் ஒரு கார்டு 4 பிரதி இருந்தால், 11 கார்டு பார்ப்பதற்குள் ஒன்றாவது கையில் வர ஏறக்குறைய 56 சதவீதம் வாய்ப்பு. கமாண்டரில் ஒரு கார்டு ஒரு பிரதிதான். 99இல் ஒன்று, 11 கார்டு பார்த்தால் ஒன்பதில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். பழைய 56ஐத் திரும்பப் பிடிக்க அதே வேலையைச் செய்யும் கார்டுகள் ஏழு வேண்டும். (கணக்குப் போட்டுப் பார்த்தேன், 57 வருகிறது.)

நீலம், சிவப்பு இரண்டிலேயே எக்ஸார்க் பக்கத்துக்கு ஏழு கிடைத்துவிடும். எக்ஸார்க், பெஸ்டர்மைட், காரிடார் மானிட்டர், ப்ரீச்சிங் ஹிப்போகாம்ப், ஸெலஸ் கான்ஸ்கிரிப்ட்ஸ் ஐந்தும் நேரடியாக வேலை செய்யும். ட்ரிஃப்ட் ஆஃப் ஃபான்டாஸம்ஸ் 3 மானா விலையுள்ள கார்டைத் தேடித் தரும், எக்ஸார்க்கும் பெஸ்டர்மைட்டும் 3 மானாதான். ஏழாவது இம்பீரியல் ரெக்ரூட்டர்.

ட்வின் பக்கம்தான் தகராறு. ட்வினுக்கு மாற்று என்று மனசாரச் சொல்லக்கூடியது கிகி-ஜிகி என்ற கிரீச்சர் ஒன்றுதான். ரெக்ரூட்டர் பவர் (தாக்கும் சக்தி) 2க்கு மேற்படாத கிரீச்சரைத் தேடும், கிகி-ஜிகி சரியாக 2. அதனால் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கத்துக்கு ரெக்ரூட்டரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கேம்பிள் எதையும் தேடித் தரும், ஆனால் கையில் இருப்பதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் வீசச் சொல்லும். எல்லாம் சேர்த்தாலும் நாலுதான். போல்ட் இருந்த இடங்களில் கார்டு இழுக்கும் ஸ்பெல்களைப் போடச் சொல்வது இதனால்தான். நாலாவது டர்னில் முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் எதிராளிகள். ஒவ்வொருவர் கையிலும் பதில் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரோடு ஆடினால் மூன்றில் இரண்டு தடவை தப்பிப்பீர்கள். மூன்று பேரோடு ஆடினால் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதிலும் ட்வினைப் போட்டு அது நிறைவேறுவதற்கு முன், ஸ்டாக்கில் காத்திருக்கும்போது எக்ஸார்க்கைக் கொன்றுவிட்டால் ட்வினும் சேர்ந்து கல்லறைக்குப் போகும். அவருக்கு ஒரு கார்டு செலவு, உங்களுக்கு இரண்டு. இதற்கு நான் நம்புவது எதிராளியின் ஸ்பெல்லை முறிக்கும் பேக்ட் ஆஃப் நெகேஷன். அன்றைக்குச் செலவு 0, உங்கள் அடுத்த அப்கீப்பில் (டர்ன் தொடக்கத்தில்) 5 மானா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் தோல்வி. அந்த டர்னிலேயே ஜெயித்துவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அதோடு அதே மாதிரி முறிக்க, ஒரு மானாவில் ஸ்வான் சாங்.

எக்ஸார்க்கை எப்போது இறக்குவது? உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவரின் எண்ட் ஸ்டெப்பில், அதாவது அவர் டர்ன் முடியும் நேரத்தில். அவருக்கு அடுத்தது உங்கள் டர்ன். அதற்கு முன்னால் இறக்கினால் மற்றவர்கள் தங்கள் டர்னில் சாவகாசமாகக் கொல்வார்கள். கடைசியில் இறக்கினால் மூவரும் தங்கள் டர்னில் மானா செலவழித்த பிறகு மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்று. டோக்கன் படை தாக்கித்தான் ஜெயிக்க வேண்டும். மூவரில் ஒருவரிடம் ப்ராபகாண்டா இருந்தால், தாக்கும் ஒவ்வொரு கிரீச்சருக்கும் 2 மானா கேட்பார். இம்பாக்ட் ட்ரெமர்ஸ் ஒன்று சேருங்கள். ஒவ்வொரு கிரீச்சர் இறங்கும்போதும் எல்லா எதிராளிக்கும் 1 டேமேஜ், ஆகவே 40 டோக்கன் இறங்கினால் 40 உயிரோடு உட்கார்ந்திருக்கும் மூவரும் ஒன்றாகக் காலி. தாக்குதலே வேண்டாம். அதே மாதிரி வேலை செய்யும் பர்ஃபோரோஸ் 2 டேமேஜ் அடிப்பதால் 20 போதும். காம்போ இல்லாத ஆட்டத்திலும் இவை சும்மா இருக்காது.

கேள்வி: கிகி-ஜிகியையே கமாண்டராக (எப்போதும் இறக்கத் தயாராக இருக்கும் தலைவன் கார்டாக) வைத்தால் பாதி காம்போ எப்போதும் தயாராக இருக்குமே? (வாசகி, பினாங்கு)

பதில்: இருக்கும். ஆனால் கிகி-ஜிகி வெறும் சிவப்பு. கமாண்டரின் நிறத்துக்கு வெளியே கார்டு சேர்க்க முடியாது என்பதால் எக்ஸார்க், பெஸ்டர்மைட் எல்லாம் வெளியே போய்விடும், கான்ஸ்கிரிப்ட்ஸ் மிஞ்சும். அதைவிட, முதல் டர்னுக்கு முன்னாலேயே நீங்கள் யார் என்று மேசைக்குத் தெரிந்துவிடும். 5 மானா கொடுத்து இறக்குவீர்கள், கொல்வார்கள். அடுத்த தடவை விலை 7, பிறகு 9. கமாண்டராக நான் புரூடிக்ளாடைச் சொல்வேன். நீலம், சிவப்பு இரண்டும் உண்டு. டர்னுக்கு ஒரு மிர் டோக்கன் தந்து, ஒரு டோக்கனைக் காட்டினால் மற்ற டோக்கன்களை எல்லாம் அதன் நகலாக்கும். கிகி-ஜிகி உண்டாக்கிய டோக்கன் டர்ன் முடிவில் போய்விடும், ஆனால் அதன் நகலாக மாறிய மிர்கள் போகாது. காம்போ வராத அன்றைக்கும் ஆட்டம் சுவாரசியமாக இருக்கும்.

கேள்வி: காம்போவில் ஜெயித்தால் நண்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். டெக்குகளை 1 முதல் 5 வரை பிரிக்கும், 2025இல் வந்த பிராக்கெட் முறையில் 1, 2இல் இரண்டு கார்டு இன்ஃபினிட் காம்போவுக்கு இடமில்லை. 3இல் ஆட்டம் நன்றாக வளர்ந்த பிறகு மட்டும். 4, 5இல் இஷ்டம்போல். சொல்லியும் கோபித்தால், இன்னொரு டெக்கையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: டேப், டோக்கன் என்று சுழலும் லூப் ஆரம்பித்ததும் "இன்ஃபினிட்" (முடிவில்லாதது) என்று சொன்னால் போதுமா? (அதே வாசகர்)

பதில்: போதாது, ஒரு எண் சொல்ல வேண்டும். 500 என்று சொல்லுங்கள். நடுவில் யாராவது குறுக்கிட்டு அசல் எக்ஸார்க்கைக் கொன்றால் அதோடு லூப் நிற்கும், அதுவரை வந்த டோக்கன்கள் டர்ன் முடியும்வரை இருக்கும். யாரும் குறுக்கிடவில்லை என்றால் யார்மேல் எத்தனை போகிறது என்று பிரித்துச் சொல்லித் தாக்குங்கள். அதிக உயிர் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள்.