அப்பா அனுப்பும் 40 லட்சம்

தம்பி, டாலஸ் பக்கம் 4,50,000 டாலரில் வீடு பார்த்திருக்கிறீர்கள், எச்1பி வேலை விசா, மதுரையிலிருந்து அப்பா 40 லட்சம் ரூபாய் தருகிறார், அதை டவுன் பேமென்ட்டாக, அதாவது கடன் போக நாம் கையிலிருந்து கட்டும் பங்காக, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எஃப்.எச்.ஏ கடன் (அமெரிக்க அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்), ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், வட்டி எப்போது இறங்கும் என்பதும். கடைசி இரண்டும் ஜோசியம், எனக்கு வராது. எஃப்.எச்.ஏ-வை மறந்துவிடுங்கள். 2025 மே 25 முதல் கிரீன் கார்டு இல்லாத எச்1பி-காரர்களுக்கு அது கிடையாது. உங்களுக்கு அரசுக் காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடன்தான்.

அப்பா பணத்தைத் தாராளமாகப் போடலாம். நீங்கள் குடியிருக்கப்போகும் தனி வீடு என்றால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி டவுன் பேமென்ட் முழுவதும் அன்பளிப்பாகவே இருக்கலாம். வாடகைக்கு விட வாங்கும் வீட்டுக்கு அன்பளிப்புப் பணம் செல்லாது. சிக்கல் எல்லாம் பணம் வந்து சேரும் வழியில்தான்.

முதலில் மதுரை முனை. இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ் திட்டத்தில் அப்பா ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் உச்சவரம்பு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை டி.சி.எஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி வருமான வரிக் கணக்கில் பிடித்துவைக்கும் தொகை. ஒருவரின் பான் எண்ணில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். அப்பா ஒருவரே 40 லட்சத்தையும் ஒரே தடவையில் அனுப்பினால் 30 லட்சத்துக்கு 6 லட்சம். அது அனுப்பும் தொகையிலிருந்து கழியாது, அதற்கு மேலே கணக்கில் இருக்க வேண்டும். கையில் சரியாக 40 வைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்கள் கவுன்ட்டரில் விழிப்பது இதனால்தான்.

அந்த 6 லட்சம் வரி அல்ல, முன்பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஆனால் ஏப்ரலில் பிடித்ததை அடுத்த மார்ச் முடிந்துதான் கேட்க முடியும். இதைத் தவிர்க்க நேர்வழி இருக்கிறது: மார்ச் கடைசியில் அப்பா 10, அம்மா 10, ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி ஆளுக்குப் பத்து. டி.சி.எஸ் பூஜ்யம். அந்த ஆண்டில் தங்கையின் வெளிநாட்டுப் படிப்புக்கோ வேறு எதற்கோ அவர்கள் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்த 10 லட்சக் கணக்கில் அதுவும் சேரும். அம்மா பெயரில் அவசரமாகப் புதுக் கணக்கு திறந்து அனுப்பப் பார்த்தால் மேனேஜர் தயங்குவார். பழைய கணக்காக இருக்கட்டும், அப்பா அதில் போட்டதற்கான தடமும் இருக்கட்டும்.

அடுத்தது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அப்பா வங்கியில் நிரப்பித் தரும் ஏ2 படிவம். பணம் எதற்காகப் போகிறது என்ற குறியீடு அதில் இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் பழக்கதோஷத்தில் குடும்பப் பராமரிப்பு, எஸ்1301, என்று போட்டுவிடுவார். உங்களுக்கு வேண்டியது அன்பளிப்பு, எஸ்1302. இங்கே நீங்கள் கொடுக்கும் கிஃப்ட் லெட்டர் (அன்பளிப்புக் கடிதம்) ஒன்று சொல்லி, வயர் ரசீது வேறொன்று சொன்னால், கடன் மனுவைச் சரிபார்க்கும் அண்டர்ரைட்டர் அதைப் பிடித்துக்கொண்டு விளக்கம் கேட்பார்.

அப்புறம் நம் பெயர்கள். அப்பாவின் பாஸ்புக்கில் இனிஷியலோடு ஒரு பெயர், பான் கார்டில் அதே இனிஷியலை விரித்து இன்னொன்று, உங்கள் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் உங்கள் குடும்பப் பெயராக. இது மூன்றும் ஒரே ஆள் என்று அமெரிக்கக்காரருக்குப் புரியாது. உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் இருக்கிறது, அதையும் பான் நகலையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

கிஃப்ட் லெட்டர் படிவத்தைக் கடன் தரும் லெண்டரே தருவார். தொகை, கொடுப்பவர் பெயர், முகவரி, போன், உறவு, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி, இவ்வளவுதான். அந்தக் கடைசி வரிதான் கத்தி. வீட்டுக்குள் ‘மாதாமாதம் திருப்பிக் கொடுத்துவிடு’ என்று பேசிவைத்துக்கொண்டு இதில் கையெழுத்துப் போட்டால் அது வங்கியிடம் பொய் சொன்ன ஃபெடரல் குற்றம். கடன் என்றால் கடன் என்று சொல்லுங்கள். அதை டவுன் பேமென்ட்டுக்கு ஏற்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

லெண்டர் பார்ப்பது உங்கள் வங்கிக் கணக்கின் கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்ட். அதற்கு முன்பே பணம் வந்து உட்கார்ந்துவிட்டால் கேள்வி குறைவு. நடுவில் வந்தால், உங்கள் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட எந்த வரவுக்கும் மூலம் காட்ட வேண்டும். அப்பா கணக்கிலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வரட்டும். நண்பன் கணக்கு வழியாக, மாமா கணக்கு வழியாக என்று சுற்றினால் சுற்றிய ஒவ்வொரு கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு அங்கிள் ‘ஹவாலாவில் வாங்கு, ரொக்கமாக 9,000 9,000-ஆகப் போடு’ என்பார். 10,000 டாலரைத் தாண்டும் ரொக்கத்தைப் பற்றி வங்கி அரசுக்குத் தரும் அறிக்கையைத் தவிர்க்கத் துண்டு போடுவது தனியாகவே குற்றம், பணம் சுத்தமானதாக இருந்தாலும். அந்த அங்கிள்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2004-இல் எல்.ஆர்.எஸ் தொடங்கியபோது உச்சவரம்பே 25,000 டாலர். இங்கேயும் 2008-க்கு முன் காகிதமே இல்லாமல் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து அறிவுரையை இன்னும் இலவசமாக விநியோகிக்கிறார்கள்.

அமெரிக்காவில் உங்களுக்கு வரி இல்லை, அன்பளிப்பு வருமானம் ஆகாது. ஆனால் வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் வாங்கும் அன்பளிப்பு 1,00,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க வரித்துறைக்கு 3520 என்ற தகவல் படிவம் கொடுக்க வேண்டும். அப்பா 60,000, அம்மா 60,000 என்று பிரித்தாலும் இருவரும் உறவினர் என்பதால் கூட்டித்தான் பார்ப்பார்கள். தவறினால் அன்பளிப்புத் தொகையில் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம். உங்கள் 40 லட்சம் தோராயமாக 45,000 டாலர்தான், இப்போதைக்குத் தேவையில்லை. நிலம் விற்று இன்னும் தருகிறேன் என்று அப்பா ஆரம்பித்தால் நினைவு வையுங்கள்.

சித்தப்பா மகனும் தருகிறான் என்றால் இன்னொரு கண்ணி. இங்கே லெண்டருக்கு அவன் உறவு. இந்திய வருமான வரிச் சட்டத்தில் சித்தப்பா உறவு, அவர் மகன் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வாங்குகிற உங்களுக்கு அங்கே வரி.

அந்த 45,000 டாலர் வீட்டு விலையில் பத்து சதவீதம். வீட்டைப் பதிவு செய்து முடிக்கும்போது வரும் க்ளோசிங் செலவு அதற்குள் அடங்காது, தனியாக வையுங்கள். 20 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் பி.எம்.ஐ, அதாவது லெண்டரைக் காக்க நீங்கள் கட்டும் கடன் காப்பீடு, வரும். கடன் அசல் வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எழுதிக் கேட்டால் எடுப்பார்கள். கேட்காவிட்டால் அது 78 சதவீதத்துக்கு இறங்கும் வரை கட்டுவீர்கள்.

அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஏ2 படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குறியீட்டுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ‘சரிப்பா’ என்று சொல்லுங்கள், அப்புறம் போடட்டும்.