லேப்டாப்பில் வருகிறது, போனில் மட்டும் எடுரோம் இணையவில்லையா?

லேப்டாப்பில் எடுரோம் (eduroam, சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே பல வளாகங்களிலும் இணையக்கூடிய வைஃபை) நன்றாக ஓடுகிறது, புது ஆண்ட்ராய்டு போனில் மட்டும் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டி அப்படியே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பாஸ்வேர்டு சரிதான் போல, அதனால் முதலில் பயனர் பெயரைப் பாருங்கள். வெறும் மாணவர் எண் போதாது, அதன் பின்னால் @ குறியும் உங்கள் பல்கலைக்கழகத்தின் டொமைன் பெயரும் வர வேண்டும், ஏனென்றால் நீங்கள் வேறு எந்த வளாகத்தில் நின்றாலும் அந்த டொமைனை வைத்துத்தான் உங்கள் கோரிக்கை சொந்தப் பல்கலைக்கழக சர்வருக்குப் போய்ச் சேருகிறது. கீபோர்டு தானாகத் தட்டும் கடைசி இடைவெளியையும் அழித்துவிடுங்கள், நிறைய பேர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து சான்றிதழ், அதாவது எதிரே இருப்பது உண்மையிலேயே உங்கள் பல்கலைக்கழக சர்வர்தானா என்று போன் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் கோப்பு. முன்பெல்லாம் 'சரிபார்க்க வேண்டாம்' என்று போட்டு நுழைந்துவிடலாம். ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து அந்த வசதியை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அது நல்லதுதான், சரிபார்க்காமல் விட்டால் எடுரோம் என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு ரவுட்டரை ஓட்டி உங்கள் கணக்கைப் பிடுங்க முடியும். அதனால் குறுக்கு வழி தேடாதீர்கள். சேமித்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' கொடுத்து நீக்கிவிட்டு, மொபைல் டேட்டாவில் கெட்எடுரோம் செயலியை இறக்கி, பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். மீதியை அதுவே அமைத்துவிடும். பட்டியலில் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஐடி உதவிப் பிரிவிடம் சான்றிதழையும், போனின் வைஃபை அமைப்பில் வரும் டொமைன் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். அப்போதும் வரவில்லையென்றால் போன் மாடலோடு இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.