வாசகர் கேள்வி – பதில்: கட்சிகளும் பின்னூட்டப் பெட்டியும்

கேள்வி: வலைப்பதிவின் பயனை அரசியல்வாதிகள் உணரத் தொடங்கியது எப்போது? எந்தத் தேர்தலை முதல் பாடமாகச் சொல்லலாம்?

பதில்: 2004-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்ற ஹாவர்ட் டீனின் பிரசாரத்தைத்தான் சொல்வேன். வெர்மான்ட் என்ற சிறிய மாநிலத்தின் முன்னாள் ஆளுநரான அவருக்குத் தொடக்கத்தில் பணபலமும் இல்லை, நாடறிந்த முகமும் இல்லை. 2003-இல் அவருடைய குழுவினர் தொடங்கிய வலைப்பதிவில் பிரசார அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். வாசகர்களின் பின்னூட்டங்களும் அங்கேயே வெளியாயின. நிதி இலக்கு எவ்வளவு எட்டப்பட்டது என்பதைக் காட்ட ஒரு பேஸ்பால் மட்டையின் படத்தை வைத்திருந்தார்கள். பணம் சேரச் சேர மட்டை நிரம்பிக்கொண்டே வரும். அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் நடக்கவிருந்த கூட்டத்தில் டீன் கையில் மட்டையோடு மேடையேற வேண்டும் என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுத, அவரும் அப்படியே மட்டையுடன் வந்து நின்றார். தான் எழுதிய ஒற்றை வரி மேடைவரை போய்ச் சேர்ந்ததைக் கண்ட ஆதரவாளர் அடுத்த வாரமும் எழுத வருவார் அல்லவா?

இருந்தும் 2004 ஜனவரியில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் நடந்த முதற்கட்ட வாக்கெடுப்பில் டீனுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. பின்னூட்டங்களின் எண்ணிக்கையை வாக்குகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பாடத்தின் மறுபாதி. இந்தப் பாதியைக் கட்சிகள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

கேள்வி: எங்கள் கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணியில் இருக்கிறேன். ஒரு வருடமாக வலைப்பதிவு நடத்துகிறோம். எங்கள் உறுப்பினர்களே படிப்பதில்லை. எங்கே தவறு, ஐயா?

பதில்: நீங்கள் அனுப்பிய பத்துப் பதிவுகளையும் படித்தேன். எட்டுப் பதிவுகள் “வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்று முடிகின்றன. ஒன்று செயற்குழுத் தீர்மானத்தின் முழு வடிவம், இன்னொன்று தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பும் அறிக்கையையே வலையிலும் ஏற்றினால் அது அறிவிப்புப் பலகையாகுமே தவிர வலைப்பதிவு ஆகாது. அறிக்கைக்கு எழுதியவர் முகம் தேவையில்லை. வலைப்பதிவுக்கு அதுதான் உயிர். ஒரு சட்ட முன்வடிவை உங்கள் கட்சி எதிர்க்கிறது என்றால், அதன் எந்தப் பிரிவு யாரை எப்படிப் பாதிக்கும், எந்தத் திருத்தம் வந்தால் ஆதரிப்பீர்கள், கட்சிக்குள் இதைப் பற்றி என்ன விவாதம் நடந்தது என்று அவையில் பேசிய உறுப்பினரே தன் பெயரில் எழுதட்டும். ஐந்து பேர் ஒப்புதல் தந்த பிறகே பதிவு வெளியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாமவர் கையெழுத்திடும்போது செய்தியும் ஆறிப்போயிருக்கும், எழுதியவரின் குரலும் தேய்ந்துபோயிருக்கும். உண்மை விவரத்தைச் சரிபார்க்க ஒருவர், சட்டச் சிக்கலைப் பார்க்க ஒருவர் போதும்.

கேள்வி: பின்னூட்டத்தைத் திறந்தால் வசைமாரி பொழிகிறார்கள். மூடிவிடலாமா?

பதில்: வசையை நீக்குங்கள், கேள்வியை நீக்காதீர்கள். இரண்டையும் பிரித்தறியும் விதிகளைப் பதிவின் அடியிலேயே எழுதி வைத்துவிட்டு, உங்கள் கட்சிக்காரர் எதிர்க்கட்சிக்காரரைத் திட்டும்போதும் அதே விதியைப் பயன்படுத்துங்கள். பல கட்சிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒலிபெருக்கியின் முன் பேசிப் பழகியவர்களுக்கு எதிரில் இருப்பவர் திருப்பிப் பேசுவதே அவமதிப்பாகத் தோன்றிவிடுகிறது. கருவியை வாங்க ஒரு நாள் போதும், இந்தப் பழக்கத்தை விட ஒரு தலைமுறை ஆகலாம்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் வலைப்பதிவில் பிரசாரம் செய்யத் தடை விதித்த நாடு உண்டா?

பதில்: ஜப்பானில் 2013 வரை அப்படித்தான். அங்குள்ள தேர்தல் சட்டம் பிரசாரக் காலத்தில் விநியோகிக்கப்படும் அச்சுத்தாள்களுக்குக் கடுமையான வரம்பு விதித்திருந்தது. இணையப் பக்கமும் அந்த வகையில் சேர்க்கப்பட்டதால், பிரசாரம் தொடங்கியதும் வேட்பாளர்கள் தங்கள் பக்கங்களைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். வாக்காளர் அதிகம் தேடும் நாட்களில் வேட்பாளர் வாய்மூடி இருக்க வேண்டிய விந்தை! 2013 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டு, ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் தடை நீங்கியது. அப்போதும் மின்னஞ்சல் வழியாக வாக்குக் கேட்கும் உரிமை கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் மட்டுமே தரப்பட்டது.

கேள்வி: ஒரு வலைப்பதிவே கட்சியாக வளர முடியுமா?

பதில்: வளர்ந்திருக்கிறது. இத்தாலிய நகைச்சுவைக் கலைஞர் பெப்பே கிரில்லோ 2005-இல் தொடங்கிய வலைப்பதிவைச் சுற்றித் திரண்டவர்களிலிருந்து 2009-இல் ஐந்து நட்சத்திர இயக்கம் பிறந்தது. 2013 பொதுத் தேர்தலில் கீழவைக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றது. அதன் தொடக்க கால விதிமுறை இயக்கத்தின் தலைமையிடமாகக் குறிப்பிட்டது எந்தக் கட்டடத்தையும் அல்ல, கிரில்லோவின் வலைப்பதிவு முகவரியை. உறுப்பினர்கள் இணையத்திலேயே வாக்களித்தார்கள் என்பது பாராட்டத்தக்கதுதான். ஆனால் கட்சியின் தலைமையகம் ஒரு தனிமனிதரின் வலைப்பதிவு என்றால், அதன் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: தலைவர் பெயரில் வேறொருவர் எழுதுவது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: மேடைப் பேச்சையும் பலருக்கு வேறொருவர்தான் எழுதித் தருகிறார். ஆனால் பேசுகிறவர் அதை ஒருமுறையாவது வாய்விட்டு வாசித்தாக வேண்டும். வலைப்பதிவில் அந்தக் கட்டாயமும் இல்லை.