ஜூன் மாத ஜெய்சல்மேர்: சின்னப் பையில் எந்த மருந்துக்கு இடம்?

கேள்வி: எனக்கு வயது 57, கணவருக்கு 63. தூத்துக்குடியில் வசிக்கிறோம். மகன் ராணுவத்தில் இருக்கிறான், இப்போது ஜெய்சல்மேரில் பணி. ஜூலையில் அவனுக்கு மாறுதல் என்பதால் ஜூன் முதல் வாரத்தில் ஆறு நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்கிறான். விமானத்தில் ஜோத்பூர் போய், அங்கிருந்து ரயில். ஆளுக்கு ஒரு 7 கிலோ பை போதும் என்கிறான். கணவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரவில் கிளார்ஜின் இன்சுலின் பேனா, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை. எனக்கு மூட்டுவலி; முடியாதபோது டைக்ளோஃபினாக் போடுவேன். ஐஸ் பெட்டி, சிரப், தைலம், குளுக்கோஸ் டப்பா என்று எடுத்து வைத்ததிலேயே பாதிப் பை நிறைந்துவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: முதலில் ஒன்றை மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஜெய்சல்மேருக்குப் போக நல்ல காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் வாரத்தில் அங்கே பகலில் 43, 44 டிகிரி என்பது சாதாரணம். நீங்கள் ஜோத்பூரிலிருந்து போகிற அதே ரயில் பாதையில் இருக்கும் பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. மகன் அங்கே இருக்கும் கடைசி மாதம் இது என்கிறீர்கள். அதனால் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மகனோடு இருக்கத்தான் போகிறீர்கள். மணல்மேடு பார்ப்பது அப்புறம்தான். அந்த எண்ணத்தோடு கிளம்பினால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

உங்களை விடக் கணவரைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. தூத்துக்குடியில் வெயில் அதிகமானால் நமக்கு எப்படித் தெரிகிறது? சட்டை முதுகோடு ஒட்டுகிறது, கழுத்தில் வியர்வை வழிகிறது. உடனே நிழலுக்குப் போகிறோம், தண்ணீர் குடிக்கிறோம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழகிய அளவுகோல். தார் பாலைவனத்தில் இந்த அளவுகோல் வேலை செய்யாது. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். ‘வியர்க்கவே இல்லையே, பரவாயில்லை’ என்று அவர் சொல்லும் நேரத்தில் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கலாம். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அக்குளிலும் முதுகிலும் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது உப்பு. அத்தனை வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே நம்பவேண்டியது சிறுநீரின் நிறத்தை. வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி; அடர்ந்த மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. கணவர் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசினும் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் பிரிக்கும் மாத்திரையும் சிறுநீரை அதிகப்படுத்துபவை என்பதால், அவருக்கு நிறத்தை மட்டும் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். நாக்கு வறட்சி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் இரண்டையும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

சரி, பைக்கு வருகிறேன். வறண்ட காற்று நமக்கு ஒரு உதவியும் செய்கிறது. இரவு துவைத்துப் போட்ட பருத்திச் சட்டை காலையில் எடுப்பதற்கு எப்போதோ காய்ந்திருக்கும். ஆறு நாளுக்கு ஆறு செட் எதற்கு? போட்டிருப்பது ஒன்று, பையில் இரண்டு போதும். அவருக்கு முழுக்கை வைத்த தொளதொள பருத்திச் சட்டையும் ஒரு வேட்டியும். உங்களுக்கு இரண்டு பருத்திச் சேலை அல்லது சுடிதார், ஒரு பெரிய துப்பட்டா. ஜீன்ஸ் வேண்டாம். வெயில் அதிகம் என்று அரைக்கைச் சட்டை எடுக்கத் தோன்றும், அது சரியல்ல. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று 44 டிகிரியில் வீசும்போது அது உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். ‘லூ’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அனல்காற்று அதுதான். ராஜஸ்தானத்துக் கிராமத்துப் பெரியவர்கள் தலைப்பாகையும் முழுக்கையும் போட்டு மூடிக்கொள்வதன் காரணம் இதுதான். லூ அடிக்காமலிருக்கச் சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த வெங்காயம் காக்காது. தலையை மூடுவது காக்கும். வீட்டிலிருந்து இரண்டு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டால், தூத்துக்குடியில் கிடைப்பதைவிட அங்கே இரண்டு மடங்கு குளிர்ச்சி தெரியும். இந்தப் பயணத்தில் அந்தத் துண்டும் எனக்கு மருந்துதான்.

அதே கணக்கில்தான் இன்சுலினும். ஐஸ் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது கனம், அதோடு, ஐஸ் கட்டியோடு ஒட்டியிருக்கும் பேனா உறைந்துவிட்டால் அந்த இன்சுலின் வீண். உறைந்து இளகியது பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. அவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் 28 நாள் தாங்கும். அதற்கு, தண்ணீரில் நனைத்தால் ஊறிப் பருக்கும் துகள்கள் வைத்துத் தைத்த இன்சுலின் உறை மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஐஸ் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துகொண்டே இருக்கும், நம் மண்பானை மாதிரி. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். ஒரு தவறு மட்டும் பலர் செய்கிறார்கள்: ஈரமாக இருக்கிறதே என்று அந்த உறையை பாலிதீன் கவரில் போட்டு மூடிவிடுவார்கள். காற்று படாவிட்டால் அது வெறும் ஈரத்துணி. கைப்பையின் வெளிப்பக்கத்தில், நிழலில் இருக்கட்டும். மகன் வீட்டுக்குப் போனதும் உபரிப் பேனாவை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

விமானத்தில் இன்சுலினும் ஊசிகளும் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோகலாம். மருத்துவர் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்த மருந்தையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் பட்டைகளும்கூட 40 டிகிரிக்கு மேல் தப்பான எண் காட்டக்கூடும். அறைக்குள் வந்து சற்று ஆறவிட்டுப் பாருங்கள். சூட்டில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உள்ளே போய்ச் சர்க்கரை இறங்கலாம். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகப் பார்ப்பது நல்லது. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியைச் சின்னப் பொட்டலமாக மடித்து வையுங்கள். முழு டப்பா வேண்டாம். சாக்லேட் உருகிவிடும், சர்க்கரையையும் மெதுவாகத்தான் ஏற்றும்.

இனி நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. உங்கள் கணவரின் மருந்துச் சீட்டைப் படித்ததும் என் கண் நின்ற இடம் இன்சுலின் அல்ல, மற்ற மாத்திரைகள். ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றும். டெல்மிசார்டன், உடம்பு வற்றும் நேரத்தில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை அடைக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும். நான்கும் நல்ல மருந்துகள், தினமும் அவரைக் காப்பவை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து நீர் வற்றும் இரண்டு நாளில் மட்டும் இதே நான்கும் ஆபத்தாகலாம். ஆகவே கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே அவருடைய மருத்துவரைப் பார்த்து, ‘அங்கே வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ எதை நிறுத்தவேண்டும், எப்போது மீண்டும் தொடங்கவேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் சாதாரணமாக இந்த நான்கையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். இன்சுலினை மட்டும் அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டோம், அளவை மாற்றுவோம். இப்போதே எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தாளுக்கு எடையே இல்லை. மருந்துகளின் மூலப்பெயரையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் கம்பெனி மாத்திரை அங்கே கிடைக்காமல் போகலாம். மாத்திரைகளை அட்டையோடு எட்டு நாள் கணக்குக்கு எடுத்தால் போதும். இரண்டு நாள் கூடுதல், ரயில் தாமதத்துக்கு.

உங்கள் டைக்ளோஃபினாக்கை வீட்டில் விடுங்கள். ‘கால் வலிக்கிறதா, இதைப் போடுங்கள்’ என்று கணவருக்கு ஒன்று கொடுத்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் வெயிலில் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கலாம். உங்களுக்கே கூட அந்த வாரத்துக்கு பாரசிட்டமால் 500 போதும். மூட்டுக்கு வெளியே பூசும் ஜெல் ஒரு சின்னக் குழாய். பழைய வகை சளி மாத்திரைகளும் வேண்டாம், அவை வியர்வையைக் குறைக்கும். சிரப் பாட்டில்களும் தைலமும் மேசையிலேயே இருக்கட்டும்.

அவற்றுக்குப் பதில் ஆறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுங்கள். ஒரு பொட்டலம் 20 கிராம் சொச்சம்தான். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஆனதா என்று அட்டையில் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் முழுவதையும் கலக்கவேண்டும். அரைப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கிக் குடிப்பது தவறு. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், பேதி வந்த சர்க்கரை நோயாளியும் குடிக்கலாம். ஆனால் பிரஷர் உள்ளவர் நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பதிலாக இதைக் குடிக்கக் கூடாது, உப்பு இருக்கிறது. வாந்தி, பேதி, அல்லது வெயிலில் களைத்துப்போன நாளுக்கு மட்டும். மற்ற நேரத்துக்கு அங்கே ‘சாஸ்’ என்று கிடைக்கும் சீரகம் போட்ட மோர் அருமையானது. இதயமோ சிறுநீரகமோ காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்காவிட்டால், தாகத்துக்குக் காத்திராமல் நாளைக்கு மூன்று, மூன்றரை லிட்டர். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பதும் கெடுதல்தான், ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

இரண்டு ஜோடி தடித்த பருத்திக் காலுறை எடுக்க மறக்காதீர்கள். ஒரு சித்திரை மாதத்தில் என்னிடம் ஒருவர் வந்தார். நடுப்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியிருக்கிறார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் சூடே தெரியவில்லை. இரவு வீட்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் இருப்பதைப் பார்த்து மனைவி விளக்கைப் போட்டிருக்கிறார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து வழிந்துகொண்டிருந்தது. ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் செருப்பைக் கழற்றவேண்டும். கல் தரை பகலில் எப்படிச் சுடும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காலுறை போடலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் போவது இன்னும் நல்லது. இரவில் பாதத்தை நீங்கள் கையால் தடவிப் பாருங்கள். வெறுங்காலோடு மணலில் அவர் நடக்கவே கூடாது. இரவில் தேளும் சுருட்டை விரியனும் உண்டு. மூடிய ஷூ, கையில் டார்ச்.

நேரத்திலும் ஏமாறாதீர்கள். ஜூனில் தூத்துக்குடியில் ஆறரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். ஐந்து மணிக்கு சாம் மணல்மேட்டுக்குக் கிளம்பலாம் என்று மகன் சொன்னால், ஆறரைக்கு மேல் போகலாம் என்று சொல்லுங்கள். பகல் பதினொன்றிலிருந்து ஆறு வரை வீட்டுக்குள். முதல் இரண்டு நாள் எங்கும் வேண்டாம். புது வெயிலுக்கு உடம்பு பழகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

அவர் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அதை ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்கிற வெப்பத் தாக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம், வியர்வையோடும் அது வரும். கையில் மீட்டர் இருந்தால் சர்க்கரையையும் பாருங்கள், இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். நிழலில் படுக்கவைத்து, சட்டையை நீக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. 108 அங்கேயும் உண்டு. தண்ணீர் ஊற்றுவதை ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பொட்டாசியத்தையும் இந்த வாரமே பார்த்து, முடிவோடு அவருடைய மருத்துவரிடம் போங்கள். அதைப் பார்த்துவிட்டு இந்த மாதம் அவர் போகவேண்டாம் என்று சொன்னால், தயவுசெய்து கேளுங்கள். மகனைத் தூத்துக்குடிக்கு வரச் சொல்லலாம்.