பிக்கப் வண்டியில் ஸ்டியரிங் கோணலா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வண்டி நேராகத்தான் போகுது, ஆனா ஸ்டியரிங் இடப்பக்கம் சாஞ்சு நிக்குது. ஸ்டியரிங் வீலைக் கழட்டி நேரா மாட்டிடலாமா?

பதில்: வேண்டாம். கோணல் தெரிவது மேலே, காரணம் இருப்பது கீழே. ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) நடுவில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். வீலை மட்டும் திருப்பி மாட்டினால், நேராக ஓடும்போது பாக்ஸ் அந்த நடுவில் நிற்காது, ஆட்டம் கொடுக்கும். ஏர்பேக் வண்டி என்றால் வீலுக்கு அடியில் வயர் சுருள் இருக்கிறது. அது நடு தவறினால் முழுசாக ஒடிக்கும்போது அறுந்துபோகும்.

கேள்வி: ஃபோர்டு எஃப்-250, ஃபோர் வீல் டிரைவ். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தியதிலிருந்து கோணல்.

பதில்: எதிர்பார்த்ததுதான். வண்டி உயர்ந்ததும் டிராக் லிங்கின் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) சாய்வு கூடி, அது நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும். முதலில் பான்ஹார்ட் ராடை (முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் தண்டு) பாருங்கள். அதை மாற்றாமல் விட்டிருந்தால், சேசிஸில் அது பிடித்திருக்கும் பக்கமாக முன் அச்சே நகர்ந்திருக்கும். அதைச் சரி செய்த பிறகுதான் டிராக் லிங்க்.

டிராக் லிங்கின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது அதிலுள்ள மரைக் குழாய், அதாவது ஸ்லீவ். முந்தைய நாள் ராத்திரியே ஸ்லீவின் இரு முனையிலும் துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். சமதளத்தில் நேராக ஓட்டி வந்து, திருப்பாமல் நிறுத்துங்கள். எஞ்சின் ஆஃப், ஸ்டியரிங் லாக் விழாதபடி சாவியை வையுங்கள். ஸ்லீவின் பழைய நிலையைப் பெயிண்டால் குறித்துவிட்டு, இரண்டு கிளாம்ப் நட்டையும் தளர்த்தி, பைப் ரெஞ்சால் ஸ்லீவைத் திருப்புங்கள். டயர் தரையில் இருப்பதால் சக்கரம் அசையாது. உள்ளே ஸ்டியரிங்தான் மெல்லச் சுழலும். கேபினில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் போதும், எந்தப் பக்கம் திருப்புவது என்று கணக்குப் போடவே வேண்டாம். கிளாம்பை முறுக்கி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

இரண்டு சக்கரத்தையும் இணைப்பது தனி டை ராட் என்பதால் இதில் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறாது. டை ராடே டிராக் லிங்கின் நடுவில் வந்து சேரும் வண்டிகளில் மாறும். அங்கே டோவையும் அளக்க வேண்டும்.

கேள்வி: என் வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் இல்லை, பல் தண்டை (ராக்) நகர்த்தும் ராக் அண்ட் பினியன். ஒரு பக்க டை ராடை மட்டும் திருப்பினால் போதாதா சார்?

பதில்: டோ கெட்டு டயர் தேயும். ஒரு பக்கம் எவ்வளவு நீட்டுகிறீர்களோ, மறுபக்கம் அவ்வளவே குறைக்க வேண்டும். நேராகப் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து, ராக் அச்சுக்கு முன்னால் இருந்தால், இடது டை ராடை நீட்டி வலதைக் குறையுங்கள். ராக் அச்சுக்குப் பின்னால் என்றால் தலைகீழ். மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் இரு பக்கமும் ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டியரிங் ஏறத்தாழ 10 டிகிரி நகரும். வீல் விளிம்பில் அது சுமார் 3 செ.மீ.

பலரும் மறப்பது டை ராடின் உள் முனையை மூடும் ரப்பர் பூட். அதன் வெளி முனைக் கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருப்பினால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும். உள்ளே மண் போனால் ராக்கும் போச்சு.

கேள்வி: போன வாரம்தான் அலைன்மென்ட் பண்ணினோம். லோடு ஏற்றி ஒரு பள்ளத்தில் இறங்கினதும் மறுபடி கோணல்.

பதில்: திடீரென்று வந்த கோணலை டை ராடில் சரிக்கட்டாதீர்கள். டை ராட் வளைந்திருக்கிறதா, பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) சென்டர் போல்ட்டையும் பாருங்கள். லோடு வண்டியில் அது உடைந்தால் பின் அச்சு ஒரு பக்கம் நழுவி, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும்; அதை நேராக்கத்தான் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடிக்கிறீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசப்பட்டால் பட்டைக்காரரிடம் போங்கள், அலைன்மென்ட் கடைக்கு அல்ல.

கேள்வி: நேராக்கிய பிறகு இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறதே?

பதில்: ஸ்டியரிங் கோண சென்சாரின் பூஜ்யம் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஸ்கேனரில் மறுபடி பூஜ்யமாக்க வேண்டும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும்.