ஹாரி பாட்டர் கதை போகப் போக இருண்டுபோவது ஏன்?

ஒன்பது வயது மகள் ஹாரி பாட்டரின் முதல் இரண்டு பாகங்களை ஆசையாகப் படித்துவிட்டாள் என்றும், பின்னால் சாவும் சித்திரவதையும் நிறைய வருவதாகக் கேள்விப்பட்டதால் மிச்சத்தைக் கொடுக்கத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் கதையை ஆசிரியர் ஏன் இப்படிக் கொண்டுபோனார் என்பதும் உங்கள் கேள்வி. தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம் என்பேன்.

முதல் பாகம் 1997இல் வெளிவந்தது, ஏழாவது 2007இல். பத்து வயதில் படிக்கத் தொடங்கியவர்கள் இருபது வயதில் முடித்தார்கள். வாசகர்கள் வளர்ந்ததால் கதையும் வளர்ந்தது என்று சொல்வதுண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு வயதுக் குழந்தை, துணியில் சுற்றப்பட்டு, பெரியம்மா வீட்டு வாசலில் விடப்படுவதில்தான் இந்தக் கதையே தொடங்குகிறது. இருள் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பதினொரு வயதில் மந்திரப் பள்ளியில் சேரும் ஹாரியின் கண்ணுக்குக் கோட்டையும் பறக்கும் துடைப்பமும் மிட்டாய்களும்தான் முதலில் தெரிகின்றன.

இதை ஆசிரியர் ரோலிங் ஓர் இடத்தில் கண்ணெதிரே காட்டிவிடுகிறார். ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு மாணவர்களைக் கொண்டுசெல்லும் வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன என்றுதான் ஹாரி நான்காம் பாகம் வரை நினைத்திருக்கிறான். அந்தப் பாகத்தின் முடிவில், இடுகாட்டில், சக மாணவன் செட்ரிக் அவன் கண்முன்னே கொல்லப்படுகிறான். ஐந்தாம் பாகத்தில் பள்ளிக்குத் திரும்பும்போது, எலும்பும் தோலுமான கருங்குதிரைகள் அதே வண்டிகளில் பூட்டப்பட்டிருப்பதைக் காண்கிறான். தெஸ்ட்ரல் எனப்படும் அவை, மரணத்தை நேரில் கண்டவர்களுக்கு மட்டுமே புலப்படும். ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்த சக மாணவி லூனா, தான் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அவற்றைப் பார்த்துவருவதாக அவனிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். வண்டி மாறவில்லை, பாதை மாறவில்லை, பார்ப்பவன்தான் மாறியிருக்கிறான்.

ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் கதையும் அப்படித்தான். முதல் பாகத்தில் அவன் தவளையைத் தொலைத்துவிட்டுத் தேடும் மறதிக்காரப் பையன், சிரிக்க வைப்பவன். அவன் பெற்றோர் சித்திரவதையால் புத்தி பேதலித்து மருத்துவமனையில் கிடப்பது அப்போதும் உண்மைதான், ஹாரிக்குத்தான் தெரியாது. ஐந்தாம் பாகத்தில் அந்த மருத்துவமனையில் நெவிலின் தாய் அவன் கையில் ஒரு பபிள்கம் காகிதத்தை வைக்கிறாள். குப்பையில் போடு, இப்படி எத்தனையோ கொடுத்துவிட்டாள் என்கிறார் பாட்டி. அவன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வதை ஹாரி கவனிக்கிறான். தொடர் முழுவதிலும் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இதுதான், இத்தனைக்கும் இங்கே மந்திரமும் இல்லை, மரணமும் இல்லை.

ஐந்தாம் பாகத்தில் ஹாரி எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிறான் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நண்பன் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்ட பதினைந்து வயதுப் பையனை, மந்திர உலகின் அரசாங்கமான அமைச்சகமே பொய்யன் என்று நாளிதழில் ஏசவைக்கும்போது, அவன் வேறு எப்படி இருப்பான்? அந்த அமைச்சகம் அனுப்பிய ஆசிரியை அம்ப்ரிட்ஜ், ‘நான் பொய் சொல்லக் கூடாது’ என்று அவனைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறாள். மையே இல்லாத அந்தப் பேனா எழுத்தை அவன் புறங்கையில் கீறி, அவன் இரத்தத்தாலேயே தாளில் எழுதுகிறது. ஹாரியின் பெற்றோரைக் கொன்ற வோல்டமார்ட்டை விட இவளைக் கண்டுதான் எனக்கு அதிகம் குலை நடுங்கியது. அதிகாரத்தில் இருப்பவர்களும் கொடியவர்களாக இருக்கலாம் என்பது பதினொரு வயது ஹாரிக்குப் புரிந்திருக்காது.

மூன்றாம் பாகத்தை இப்போதே கொடுங்கள். மனத்தின் மகிழ்ச்சியையெல்லாம் உறிஞ்சிவிடும் டிமென்டர்கள் அதில் வருகின்றன. தான் அனுபவித்த மனச்சோர்விலிருந்து அவற்றை உருவாக்கியதாக ரோலிங்கே கூறியிருக்கிறார். ஆனால் அந்தப் பாகம் அச்சத்தோடு அதை எதிர்கொள்ளும் வழியையும் கற்றுத்தருகிறது, முடிவும் நம்பிக்கையோடு இருக்கிறது. நான்காம் பாகத்துக்கு அவள் பதினொரு வயதைத் தாண்டட்டும். பிரிட்டனில் முதல் மூன்று படங்களுக்கு பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) சான்றிதழ் கொடுத்தவர்கள், 2005இல் வந்த நான்காவது படத்துக்கு 12ஏ (பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) கொடுத்ததும் கவனிக்கத்தக்கது. நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களை அவள் தனியாக, இரவில், தூங்கப்போகும் முன் படிக்காமல், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறைப் பகலில் படிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.